லிப்ஸ்டிக்கில் கூடாது, செர்ரியில் கூடும்: ஒரு சிவப்பின் 35 வருடக் கதை

2025 ஜனவரி. பொங்கல் லீவு முடிந்து ஹாஸ்டலுக்கு வந்து பையைக்கூடப் பிரிக்கவில்லை, சித்தப்பாவிடமிருந்து போன். சித்தப்பா எங்கள் ஊரில் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறார். பன், பட்டர் பிஸ்கட், தேங்காய் பன், சனி ஞாயிறு என்றால் கேக். கேக் மேல் க்ரீம் பூ, அந்தப் பூவின் நடுவில் பளபளவென்று ஒரு செர்ரி. சின்ன வயதில் அந்தச் செர்ரிக்காக நானும் தங்கையும் போட்ட சண்டைகளுக்கு அளவே இல்லை.

"டேய், அமெரிக்காக்காரன் செர்ரியைத் தடை பண்ணிட்டானாமே? கேன்சர் வருமாம். வாட்ஸப்ல வந்திருக்கு. அஞ்சு கிலோ வாங்கி வச்சிருக்கேன்டா. நீதான் காலேஜ்ல படிக்கிறியே, பார்த்துச் சொல்லு."

நான் படிப்பது பி.காம். எனக்கும் ரசாயனத்துக்கும் உள்ள தொடர்பு பத்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது. ஆனால் சித்தப்பாவுக்குக் காலேஜ் என்றால் எல்லாமே காலேஜ்தான் :-) "ரெண்டு நாள் டைம் குடுங்க" என்று சொல்லிவிட்டுத் தேட ஆரம்பித்தேன். ரெண்டு நாள் ரெண்டு வாரம் ஆனது. தேடப்போனது ஒரு சாயம், கிடைத்தது ஒரு வழக்கறிஞர் கதை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தை ஓரமாக வைத்துவிடுவோம். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் அடுத்துத் தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதில் கண்டுபிடித்தது ரோடமின் பி. அது துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம். உணவில் சேர்க்க அதற்கு ஒருநாளும் அனுமதி இருந்ததில்லை. அது கலப்படம், அவ்வளவுதான். சித்தப்பா கேட்டது வேறு. அமெரிக்காவில் நூறு வருடத்துக்கு மேல் சட்டப்படி அனுமதி பெற்று, லேபிளில் பெயர் போட்டு, ராஜா மாதிரி உலவிய ஒரு சிவப்பு. பெயர் எரித்ரோசின். அமெரிக்கச் சட்டத்தில் அதற்குச் 'சிவப்பு எண் 3'. நம் ஊர் லேபிள்களில் ஐ.என்.எஸ். 127. நம் நாட்டு அனுமதிப் பட்டியலிலும் இது பல காலமாக உண்டு.

இந்தச் சிவப்பை 1990-லேயே அமெரிக்கா தடை செய்துவிட்டது. ஆனால் உதட்டுக்கு மட்டும்! லிப்ஸ்டிக்கிலும் மற்ற அழகுப் பொருட்களிலும் போடக்கூடாது, மிட்டாயில் போடலாம். பூசினால் குற்றம், விழுங்கினால் சரி. இப்படியே 35 வருடம் ஓடியது. இதைப் படித்தவுடன் நானும் எல்லோரையும் போல "அட, கம்பெனிக்காரன் காசு கொடுத்திருப்பான்" என்றுதான் நினைத்தேன். உள்ளே போனால் கதை அவ்வளவு சுலபமாக இல்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். 1856-ல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன், மலேரியாவுக்கான குவினைனைச் செயற்கையாகச் செய்யப் போய், தவறுதலாக ஊதா நிறச் சாயம் ஒன்றைச் செய்துவிட்டான். மூலப்பொருள் நிலக்கரித் தார். அதிலிருந்து வரிசையாகச் சாயங்கள். துணிக்கு வந்தது அப்படியே சாப்பாட்டுக்கும் வந்தது. (அதற்கு முன் எல்லாம் சுத்தமாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். 1820-ல் லண்டனில் ஃப்ரெட்ரிக் ஆக்கம் என்ற வேதியியலாளர் எழுதிய கலப்படப் புத்தகத்தில், பாலாடைக்கட்டிக்குச் சிவப்பேற்ற ஈயச் செந்தூரம் கலந்த கதை இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் தார்ச் சாயம் தேவலாம்.)

1906-ல் அமெரிக்கா முதல் உணவுச் சட்டம் கொண்டுவந்தது. அப்போது சந்தையில் சுமார் 80 சாயங்கள் உணவில் புழங்கின. பெர்னார்ட் ஹெஸ்ஸே என்ற வேதியியலாளர் அத்தனையையும் அலசி, 1907-ல் ஏழே ஏழுக்கு மட்டும் பச்சைக்கொடி காட்டினார். அந்த ஏழில் சிவப்பு மூன்று. அதில் இரண்டுதான் நம் கதாநாயகர்கள். ஒன்று அமராந்த், பிற்பாடு 'சிவப்பு எண் 2' ஆனது. இன்னொன்று எரித்ரோசின், 'சிவப்பு எண் 3'. (அமராந்த் என்றால் தண்டுக்கீரைக் குடும்பத்துக்கும் அதே பெயர்தான். நிறத்தால் வந்த பெயர், கீரைக்கும் சாயத்துக்கும் வேறு எந்த உறவும் இல்லை. பாவம் கீரை.)

இரண்டும் ஒரே நாளில் உள்ளே வந்தவை. வெளியே போனதுதான் வேறு வேறு மாதிரி.

1950-ல் ஒரு சம்பவம். ஹாலோவீன் பண்டிகை மிட்டாய் தின்ற குழந்தைகள் பலர் நோயில் விழுந்தார்கள். மிட்டாயில் 'ஆரஞ்சு எண் 1' என்ற அனுமதி பெற்ற சாயம் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை இருந்தது. அதே ஆண்டு நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் டெலானி என்ற காங்கிரஸ் உறுப்பினர், உணவில் சேரும் ரசாயனங்கள் பற்றி விசாரணைகளை ஆரம்பித்தார். மனிதர் விடாக்கண்டர். 1958-ல் உணவுச் சேர்க்கைகள் சட்டத்திலும், 1960-ல் நிறங்கள் சட்டத்திலும் அவர் பெயரால் ஒரு விதி நுழைந்தது. டெலானி விதி. சாரம் இதுதான்: ஒரு நிறம் மனிதனுக்கோ விலங்குக்கோ புற்றுநோய் உண்டாக்குகிறது என்று கண்டறியப்பட்டால் அது பாதுகாப்பானது என்று கருதப்படாது. எவ்வளவு சாப்பிட்டால் என்ற கேள்வியே அதில் இல்லை. ஒரு எலிக்கு வந்தாலும் போதும், கதவு சாத்தப்படும்.

எங்கள் பிஸினஸ் லா பேராசிரியர் அடிக்கடி ஒன்று சொல்வார்: சட்டத்தைப் படிக்கும்போது முதல் பக்கத்தைப் படிக்காதே, இடைக்கால ஏற்பாடுகள் என்று கடைசியில் போட்டிருப்பான் பார், அதைப் படி. 1960 சட்டத்துக்கு அது அப்படியே பொருந்துகிறது. அன்று புழக்கத்தில் இருந்த சுமார் 200 நிறங்களை ஒரே நாளில் நிறுத்த முடியாது இல்லையா? அதனால் அத்தனையையும் 'தற்காலிகப் பட்டியல்' ஒன்றில் வைத்தார்கள். கம்பெனிகள் ஆய்வு செய்து பாதுகாப்பை நிரூபித்தால் நிரந்தரப் பட்டியலுக்குப் போகலாம். கெடு இரண்டரை வருடம்.

இரண்டரை வருடம் என்ன ஆனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் தற்காலிகக் கொட்டகையில் இருபது வருடம் பள்ளிக்கூடம் நடக்குமே, அதே கதை. கெடுவை நீட்டினார்கள், மறுபடி நீட்டினார்கள். சிவப்பு எண் 2-க்கு மட்டும் பத்து தடவைக்கு மேல் நீட்டிப்பு கிடைத்தது. 1976 வரை, பதினாறு வருடம், அது 'தற்காலிகமாக' அமெரிக்காவின் ஐஸ்கிரீம், குளிர்பானம், மிட்டாய், மாத்திரை எல்லாவற்றையும் சிவக்க வைத்துக்கொண்டிருந்தது.

அதன் முடிவு சுவாரசியமானது. 1970 வாக்கில் சோவியத் நாட்டிலிருந்து ஒரு செய்தி: அங்கே எலிகளுக்குச் சிவப்பு எண் 2 கொடுத்துப் பார்த்ததில் கட்டிகள் வந்தனவாம். பனிப்போர் காலம். ரஷ்யர்கள் பயன்படுத்திய சாயம் சுத்தமானதுதானா என்று அமெரிக்கர்கள் சந்தேகப்பட்டார்கள். சரி, நாமே பார்ப்போம் என்று உணவு மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) சொந்தமாக ஒரு எலி ஆய்வு நடத்தியது. நடத்திய லட்சணம் இருக்கிறதே! எந்தக் கூண்டு எலி எந்தக் கூண்டில் இருக்கிறது என்பதே மாறிப்போனது. செத்த எலிகளைச் சமயத்தில் எடுக்காமல் விட்டதில் பல அழுகிவிட்டன, அறுத்துப் பார்த்தும் பயனில்லை. எங்கள் ஸ்டாடிஸ்டிக்ஸ் பிராக்டிகலில் இப்படி டேட்டா கொண்டுபோனால் நோட்டு முகத்தில் விழும்.

ஆனாலும் மிச்சமிருந்த எண்களை ஒரு புள்ளியியலாளர் அலசியபோது, அதிக அளவு சாயம் தின்ற பெண் எலிகளிடம் புற்றுக்கட்டிகள் கூடுதலாகத் தெரிந்தன. தற்செயல் என்று தள்ள முடியாத அளவு. இன்னொரு பக்கம் ரால்ஃப் நேடர் தொடங்கிய நுகர்வோர் குழு விடாமல் நெருக்கியது. 1976 ஜனவரியில் எஃப்.டி.ஏ. ஆணையர் அலெக்சாண்டர் ஷ்மிட் தற்காலிக அனுமதியை முடித்துவைத்தார். இந்தச் சாயம் புற்றுநோய் தருகிறது என்று அவர் சொல்லவில்லை. பாதுகாப்பானது என்று இத்தனை வருடத்தில் யாரும் நிரூபிக்கவில்லை என்றுதான் சொன்னார்.

சாயத் தயாரிப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். குளறுபடியான ஆய்வை வைத்துத் தடை செய்யலாமா என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் தோற்றார்கள். காரணம், அந்தச் சாயம் இருந்தது தற்காலிகப் பட்டியலில். அங்கே நிரூபிக்கும் சுமை கம்பெனி தலையில். சந்தேகம் வந்தாலே அரசு கையை எடுத்துக்கொள்ளலாம். பதினாறு வருடம் அவர்களுக்குச் சோறு போட்ட அதே 'தற்காலிகம்' கடைசியில் காலை வாரியது.

ஒரு சின்னக் கிளைக்கதை. எம் அண்ட் எம் என்ற சாக்லேட் குண்டுகள் தெரியுமல்லவா? அதில் சிவப்பு எண் 2 கிடையாது, வேறு சிவப்பு. ஆனாலும் சிவப்பு என்றாலே ஜனங்கள் பயப்படுவதைப் பார்த்து, மார்ஸ் கம்பெனி 1976-ல் சிவப்புக் குண்டையே நிறுத்திவிட்டு ஆரஞ்சைக் கொண்டுவந்தது. சிவப்பு திரும்பி வர 1987 ஆனது. நடுவில் அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஒருவர் சிவப்புக் குண்டை மீட்க விளையாட்டாக ஒரு சங்கமே ஆரம்பித்தார். நாம் கேன்டீன் சாம்பாருக்காகக்கூட இன்னும் சங்கம் ஆரம்பிக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இன்னொரு விஷயம். அமெரிக்கா துரத்திய சிவப்பு எண் 2-ஐ கனடா துரத்தவில்லை. ஐரோப்பாவும் இ123 என்ற எண்ணில், சில மது வகைகளுக்கும் மீன் முட்டைக்கும் மட்டும் என்று ஒடுக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. ஒரே மூலக்கூறு, ஒரே எலிகள். தீர்ப்பு மட்டும் எல்லை தாண்டினால் மாறுகிறது.

இப்போது எண் 3-க்கு வருவோம். அதற்கு முன் அதற்கும் செர்ரிக்கும் என்ன அப்படி ஒரு பந்தம் என்று பார்க்க வேண்டும். பழக் கலவை டின் ஒன்றைத் திறந்தால் பேரிக்காய், பீச், திராட்சை, நடுவில் நாலைந்து செர்ரி. சாதாரண சிவப்புச் சாயம் போட்டால் பாகில் கரைந்து பேரிக்காயெல்லாம் ரோஸ் ஆகிவிடும். எரித்ரோசின் அப்படியில்லை. புளிப்பான பாகில் அது கரையாது. பழத்துக்குள்ளேயே படிந்து நின்றுவிடும். பக்கத்து வீட்டுக்குப் போகாத நல்ல பிள்ளை. அதனால்தான் ஐரோப்பா மற்ற எல்லா உணவிலிருந்தும் இதை விலக்கியபோதும் செர்ரிக்கு மட்டும் இ127 என்று விதிவிலக்கு கொடுத்தது. நம் ஊரில் கேக் மேல் வைக்கும் 'செர்ரி' பல சமயம் செர்ரியே இல்லை, விதை நீக்கிய களாக்காய் என்பது தனிக்கதை. சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது "அது எனக்குத் தெரியாதாடா" என்று சிரித்தார்.

எரித்ரோசின் மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்கள் இருக்கின்றன. எடையில் பாதிக்கு மேல் அயோடின்தான். அயோடின் என்றவுடன் தைராய்டு ஞாபகம் வருகிறதா? அங்கேதான் பிரச்சினையும் வந்தது. 1980களின் தொடக்கத்தில், சாயத் தயாரிப்பாளர்கள் சங்கமே ஏற்பாடு செய்த ஆய்வில், தீனியில் 4 சதவீதம் எரித்ரோசின் கலந்து வாழ்நாள் முழுக்கத் தின்ற ஆண் எலிகளுக்குத் தைராய்டு கட்டிகள் வந்தன. இந்த முறை கூண்டு மாறவில்லை, எலி அழுகவில்லை. முடிவு பளிச்சென்று இருந்தது.

எப்படி வருகிறது என்பதும் பெரும்பாலும் புரிந்துவிட்டது. தைராய்டு சுரக்கும் ஒரு ஹார்மோன் உடம்பில் இன்னொரு வடிவத்துக்கு மாற வேண்டும். சாயம் அதைத் தடுக்கிறது. ஹார்மோன் போதவில்லை என்று மூளை நினைத்து, இன்னும் சுர, இன்னும் சுர என்று தைராய்டைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. ஓயாத தூண்டலில் எலியின் சுரப்பி கட்டியாகிறது. எலியின் தைராய்டு இந்த மாதிரித் தூண்டலுக்கு நம்முடையதைவிட மிகவும் சுலபமாக மசியும். எனவே இதே வழியில் மனிதனுக்குப் புற்று வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

அளவையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன் (பி.காம் புத்தி). 4 சதவீதம் என்றால் ஒரு கிலோ தீனியில் 40 கிராம் சாயம், அதாவது 40,000 மில்லிகிராம். ஐரோப்பாவில் செர்ரிக்கு உச்ச வரம்பே கிலோவுக்கு 200 மில்லிகிராம். எலி தின்றது அதைப்போல 200 மடங்கு, அதுவும் மூன்று வேளையும், ஆயுள் முழுக்க. மூன்று வேளையும் செர்ரியே சாப்பிட்டாலும் நம்மால் அந்த எலியை எட்ட முடியாது.

அப்படியானால் ஆபத்து மிகக் குறைவு என்று சொல்லி விட்டுவிடலாமே? அமெரிக்க அரசும் அப்படித்தான் நினைத்தது. இதே காலத்தில் 'ஆரஞ்சு எண் 17', 'சிவப்பு எண் 19' என்று இரண்டு ஒப்பனைச் சாயங்கள் இதே சிக்கலில் இருந்தன. விலங்குகளில் புற்று வந்தது, ஆனால் மனிதனுக்கு ஆபத்து கணக்கிட்டால் நுண்ணியது. ஆரஞ்சுக்கு அதிகபட்சம் 1,900 கோடியில் ஒருவர். சிவப்புக்கு 90 லட்சத்தில் ஒருவர். (அன்று உலக மக்கள்தொகையே ஏறக்குறைய 500 கோடிதான். அந்த ஒருவர் பிறக்க நாலு பூமி வேண்டும்!) இவ்வளவு அற்ப ஆபத்தைச் சட்டம் பொருட்படுத்தாது என்று சொல்லி 1986-ல் எஃப்.டி.ஏ. இரண்டையும் அனுமதித்தது. 'பப்ளிக் சிட்டிசன்' என்ற அமைப்பு வழக்குப் போட்டது. 1987-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்து அற்பம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் டெலானி விதியில் 'அற்பம்' என்ற சொல்லே இல்லை. எழுதியவர்கள் வைக்காத வாசலை நாங்கள் திறக்க முடியாது.

முதலில் படித்தபோது இந்தத் தீர்ப்பு முட்டாள்தனமாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. அற்பம் என்பதை யார் அளப்பது? அளக்கிறவரின் அறைக்கு வெளியே வரிசையில் யார் நிற்பார்கள்? அந்த வரிசையைத் தெரிந்த டெலானி, அளக்கும் அதிகாரத்தையே அதிகாரியிடமிருந்து பிடுங்கிவிட்டார் என்று இப்போது எனக்குப் படுகிறது. நல்ல அதிகாரிக்கும் சேர்த்துத்தான் கை கட்டப்படுகிறது என்பது உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆக, 1987 தீர்ப்புக்குப் பிறகு எண் 3-க்கும் தப்ப வழி இல்லை. 1990 ஜனவரியில் எஃப்.டி.ஏ. நடவடிக்கை எடுத்தது. இங்கேதான் லிப்ஸ்டிக்–செர்ரி மர்மம். இந்தச் சாயத்துக்கு ஒரே அனுமதி இருக்கவில்லை, இரண்டு இருந்தன. உணவுக்கும் விழுங்கும் மருந்துக்கும் 1969-லேயே நிரந்தர அனுமதி கிடைத்துவிட்டது. அழகுப் பொருள், மேலே பூசும் மருந்து, 'லேக்' எனப்படும் கரையாத தூள் வடிவம், இவை மட்டும் இன்னும் தற்காலிகப் பட்டியலிலேயே தேங்கியிருந்தன. தற்காலிகத்தை முடிப்பது ஒரு கையெழுத்து வேலை. முடித்தார்கள். நிரந்தரத்தை ரத்து செய்வதென்றால் வரைவு விதி, ஆட்சேபம், விசாரணை என்று பெரிய நடைமுறை. அதையும் செய்யப்போகிறோம் என்று அன்றே அறிவித்தார்கள்.

அறிவித்தார்கள், அவ்வளவுதான். செர்ரி, பழக் கலவை வியாபாரிகள் ஏற்கெனவே எதிர்ப்பில் இருந்தார்கள். மாற்றுச் சாயம் பாகில் கரைகிறது என்ற அவர்கள் கவலை பொய்யும் இல்லை. (செர்ரிக்கு முன்பு போட்டுக்கொண்டிருந்த 'சிவப்பு எண் 4' வேறு 1976-லேயே போய்விட்டது.) ஆபத்து குறைவு என்பது எஃப்.டி.ஏ.வுக்கும் தெரியும், அதனால் அவசரமும் இல்லை. கோப்பு மேசையில் கிடந்தது. கிளின்டன் வந்தார், புஷ் வந்தார், ஒபாமா வந்தார். கோப்பு கிடந்தது. நடுவில் 1996-ல் பூச்சிமருந்து மிச்சங்களை டெலானி விதியிலிருந்து விடுவித்துப் புதுச் சட்டம் வந்தது. நிறங்களை யாரும் விடுவிக்கவில்லை. விதியும் மாறவில்லை, விதியை நடத்தவும் இல்லை.

2022 அக்டோபரில் சென்டர் ஃபார் சயின்ஸ் இன் தி பப்ளிக் இன்ட்ரஸ்ட் முதலான அமைப்புகள் ஒரு மனு போட்டன. புது ஆராய்ச்சி ஒன்றும் பெரிதாகத் தேவைப்படவில்லை. 1990-ல் நீங்களே சொன்னதைச் செய்யுங்கள் என்பதுதான் சாரம். 2023 அக்டோபரில் கலிஃபோர்னியா மாநிலம் முந்திக்கொண்டு, 2027 ஜனவரி முதல் இந்தச் சாயம் உள்ளிட்ட நான்கு பொருட்களுக்குத் தடைச் சட்டம் போட்டது. 2025 ஜனவரி 15 அன்று எஃப்.டி.ஏ. கடைசியில் அனுமதியை ரத்து செய்தது. உணவுக் கம்பெனிகளுக்கு 2027 ஜனவரி வரையும், மருந்துக் கம்பெனிகளுக்கு 2028 ஜனவரி வரையும் அவகாசம். சித்தப்பாவுக்கு வந்த வாட்ஸப் இதுதான்.

அறிவிப்பிலேயே எஃப்.டி.ஏ. சொன்ன இன்னொன்றை வாட்ஸப் சொல்லவில்லை: ஆண் எலியில் புற்று வரும் வழி மனிதனில் நடப்பதில்லை, மனிதர் உட்கொள்ளும் அளவும் அதைவிட மிகக் குறைவு, ஆனாலும் சட்டம் வேறு வழி வைக்கவில்லை. உலகிலேயே "இது ஆபத்து என்று நாங்கள் நினைக்கவில்லை, இருந்தாலும் தடை" என்று வெளிப்படையாகச் சொல்லி வந்த தடைகள் அதிகம் இருக்காது.

இப்போது இரண்டு சிவப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் 2-க்கு எதிரான எலி ஆதாரம் ஓட்டை உடைசல், ஆனாலும் ஒரே கையெழுத்தில் போனது. எண் 3-க்கு எதிரான எலி ஆதாரம் கச்சிதம், ஆனாலும் 35 வருடம் தங்கியது. எலிகளை வைத்துப் பார்த்தால் இது தலைகீழ். எந்தப் பட்டியலில் பெயர் இருந்தது, நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்று பார்த்தால் எல்லாம் நேராகிவிடுகிறது. கம்பெனி சட்டத்தில் 'பர்டன் ஆஃப் ப்ரூஃப்' என்று ரெண்டு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டுப் போனோமே, அந்த ரெண்டு மார்க்தான் ஒரு நாடு என்ன நிறத்தில் மிட்டாய் சாப்பிட வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறது.

இதில் எனக்குக் கோபம் வருவது எஃப்.டி.ஏ. மீதுதான், அதுவும் தடை போட்டதற்காக இல்லை. விதி தப்பு என்றால் காங்கிரசிடம் போய் மாற்றச் சொல்லியிருக்கலாம். சரி என்றால் 1990-லேயே முடித்திருக்கலாம். இரண்டும் செய்யாமல் இருந்ததில் நஷ்டம் யாருக்கு? புற்றுநோய் யாருக்கும் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் "35 வருடம் மறைத்தார்கள், இன்னும் என்னென்ன மறைக்கிறார்களோ" என்று கேட்கிறவனுக்கு இனி எந்த விஞ்ஞானியும் பதில் சொல்ல முடியாது. 2025 ஏப்ரலில் அமெரிக்க சுகாதாரத் துறை மற்ற செயற்கைச் சாயங்களையும் 2026 முடிவுக்குள் கைவிடும்படி கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டபோது அது சட்டமாகக்கூட வரவில்லை, வேண்டுகோளாகத்தான் வந்தது. ஆனால் ஊரே கை தட்டியது. அந்தக் கைதட்டலில் இந்த 35 வருடக் கோப்புக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். (மாற்றாக வரும் இயற்கைச் சிவப்பில் ஒன்று கார்மைன். பூச்சியை நசுக்கி எடுப்பது. சைவ நண்பர்கள் லேபிளைப் பார்த்து வாங்கவும்!)

சரி, சித்தப்பா கதையை முடித்துவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு எரித்ரோசினுக்கு வைத்திருக்கும் வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 2 மில்லிகிராம். கிலோவுக்கு 200 மில்லிகிராம் சாயம் உள்ள செர்ரியானால் 10 கிராம் சாப்பிட்டாலே அந்த 2 வந்துவிடும். பெரிய செர்ரியானால் இரண்டு. எலிக் கணக்கைப் பார்த்துச் சிரித்த எனக்கு இந்தக் கணக்கில் சிரிப்பு வரவில்லை. புற்றுநோயை விடுங்கள், வரம்பு என்று ஒன்று இருக்கிறது, அது நான் நினைத்ததைவிடப் பக்கத்தில் இருக்கிறது. நானும் தங்கையும் சண்டை போட்டது ஒரு செர்ரிக்குத்தான் என்றாலும், ஜெயித்த பிறகு டப்பாவிலிருந்து எடுத்தது எத்தனை என்று எண்ணியதில்லை.

போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். எலி, தைராய்டு, டெலானி, 1,900 கோடி. பொறுமையாகக் கேட்டார். "கேக்குக்கு ஒண்ணு வச்சா பயமில்லைங்கிற. குழந்தைங்க கேட்டா கை நிறைய அள்ளிக் குடுக்காதேங்கிற. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் சித்தப்பா. அப்புறம் டப்பாவில ஐ.என்.எஸ். 127-னு போட்டிருக்கா, எத்தனை சாயம்னு ஏதாவது இருக்கான்னு பாருங்க."

டப்பாவைத் திருப்பிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"எங்கடா போட்டிருக்கு? இது லூஸ்ல வாங்கினது. வெறும் வெள்ளை டப்பா."

மறுநாள் அவரே கூப்பிட்டார். சரக்கு போடும் ஆளிடம் என்ன சாயம் என்று கேட்டாராம். "நல்ல சிவப்புண்ணே, கழுவினாலும் போகாது" என்று பதில் வந்ததாம்.